வலப்பக்கத்துப் பெயர்கள்

அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் விழுந்த இடியில் பங்குக் கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. மணிக்கூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துச் சீனர் கடையின் தகரக் கூரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. யார் வம்புக்கும் போகாமல் மூலையில் கிடந்த அந்தப் பெட்டிதான் இடிக்கு அகப்பட்டது. ஒரு சின்னக் கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான்.

எவ்லின் அதனோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவள். ஐம்பத்தாறு வயது. லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்தச் சின்னக் கோயிலுக்கு கிளார்க், டெலிபோன் ஆள், சாவிக்காரி எல்லாம் அவள்தான். ஞானஸ்நான சர்டிபிகேட், கல்யாண ஓலை, கல்லறை இடத்துக்கான கடிதம் என்று எது வேண்டுமென்றாலும் அவள் மேசைக்குத்தான் வர வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஞாயிற்றுக்கிழமைத் தாள். அதன் பின்பக்கத்தில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் நோயாளிகள் பெயர், வலப்பக்கம் இறந்தவர்கள் பெயர். பூசையில் ஃபாதர் இரண்டையும் வாசிப்பார். நோயாளிகளுக்கு ஒரு மன்றாட்டு, இறந்தவர்களுக்கு ஒரு மன்றாட்டு.

இதில் ஒரு பெயர் விட்டுப்போனால் போச்சு. செத்தவர் சும்மா இருப்பார், அவர் வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் எவ்லின் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அடித்து முடித்ததும் இடது கையைத் திரைமேல் படுக்கைவாட்டில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே கையை இறக்கி இறக்கி, வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பாள். பதினாறு வருடத்தில் ஒரு பெயர் பிசகியதில்லை. திரையில் அவள் கை ரேகை படிந்ததைத் தவிர எந்தக் கெடுதலும் நடந்ததில்லை.

செத்த பெட்டிக்குப் பதிலாக ஜெரமி ஒரு டேப்லட்டைக் கொண்டு வந்தான். பங்குப் பேரவைச் செயலாளர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஜார்ஜ் டவுனில் அவனைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

"ஆன்ட்டி, இனிமே பெரிய பெட்டியெல்லாம் தேவையில்ல லா. டெஸ்க்டாப் செய்யுற அத்தன வேலையும் இது செய்யும். கீபோர்டு இதோ, மூடியிலயே இருக்கு. டக்குனு தொறந்தா ஆபீஸ், டக்குனு மூடுனா புக்கு."

"பிரிண்டர்?"

"பழைய பிரிண்டர் இதுகூடப் பேசாது. நீங்க குவீன் ஸ்ட்ரீட் முஸ்தஃபா கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அவரு அடிச்சு ஞாயித்துக்கெழம காலையில கொண்டாந்து போட்டுருவாரு. நான் பேசிட்டேன்."

"மவுஸ் எங்க?"

"ஒங்க வெரல்தான் மவுஸு. பாருங்க, பேரெல்லாம் பொட்டி பொட்டியா போட்டுருக்கேன். தொட்டா நிக்கும், அழுத்துனா எழும்பும், இழுத்தா நகரும். புது நோயாளி வந்தா இங்க சேருங்க. யாராச்சும் தவறிட்டா திரும்ப டைப் பண்ண வேணாம். அப்படியே அந்தப் பக்கம் தள்ளிட வேண்டியதுதான்."

"என்னாடா இது, ஆட்ட ஓட்டுற மாதிரி சொல்லுற."

ஜெரமி சிரித்தான். "இன்னொண்ணு, இத வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஃபாதர் மார்க் சொல்லிட்டாரு, லாரன்ஸ் அங்கிளுக்கு முடியாதப்ப வீட்டுலேருந்தே வேல பாருங்கன்னு."

அந்த ஒரு சொல்லுக்காக எவ்லின் டேப்லட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். லாரன்ஸுக்கு முடியாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. முப்பது வருடம் பாக்டரி பஸ் ஓட்டிய உடம்பு. புற்றுநோய் முதலில் அடிவயிற்றுக்குக் கீழே வந்து, பிறகு எலும்புக்கு இறங்கிவிட்டது. இடுப்பு, தொடை, முதுகு என்று ஒவ்வோர் இடமாகக் குடியேறியது. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துத் தண்ணீர் நான்கு மணி நேரத்துக்கென்று பேர், இரண்டு மணி நேரத்திலேயே அவர் கத்தத் தொடங்கிவிடுவார். பிள்ளைகள் இல்லை. ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் அவரும் அவளும்தான். எட்டு மாதமாக இடப்பக்கப் பத்தியில் முதல் பெயர் லாரன்ஸ்.

நவம்பர் ஆன்மாக்களின் மாதம். வருடம் முழுக்க மறந்திருந்தவர்கள்கூட அந்த மாதத்தில் அப்பா, தாத்தா, சித்தப்பா என்று பெயர் கொண்டு வருவார்கள். வலப்பக்கப் பத்தி நீண்டு கிடக்கும். முதல் சனிக்கிழமை எவ்லின் சாப்பாட்டு மேசையில் டேப்லட்டை வைத்து, வழக்கம்போல் கையைத் திரைமேல் வைத்து, எல்லாப் பெயரையும் ஒருமுறை படித்து முஸ்தஃபாவுக்கு அனுப்பினாள். உள்ளே லாரன்ஸ் தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூசையில் ஃபாதர் மார்க் வலப்பக்கப் பெயர்களை வாசித்தார். நான்காவதாக நவமணி என்று வாசித்தார்.

நவமணி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆயர் ஈத்தாம் பசாரில் புட்டுமாயம் என்கிற இடியாப்பம் விற்பவள். சர்க்கரை வியாதியில் இடது கால் புண்ணாகி, மூன்று விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்திருந்தார். கட்டுப் போட்ட காலை நடைபாதைப் பக்கம் நீட்டி வைத்திருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து மீன்காரன்கூட நிறுவையில் கூடப் போடுவான் என்பார்கள்.

"நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்றார் ஃபாதர். "முடிவில்லாத ஒளி இவர்கள் மேல் ஒளிர்வதாக" என்று கோயிலே சேர்ந்து சொன்னது. நவமணியும் சொன்னாள். ஐம்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. தன் ஆன்மாவுக்குத் தானே பதில் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் எவ்லினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி எவ்லின், என்னைப் பொதச்சிட்டியா? குழி எங்க தோண்டியிருக்கேன்னு சொல்லு, போயிப் படுத்துக்கிறேன்!"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியலக்கா. நான் ஒங்க பேர நோயாளி பக்கந்தான் வச்சேன்."

"ஓ, நானே எழும்பி நடந்து அந்தப் பக்கம் போனேனாக்கும்! இந்தக் காலோட!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெரமி இடையில் புகுந்தான். "நவமணி ஆன்ட்டி, ஒங்களுக்கு ஆயுசு கெட்டி லா. உசுரோட இருக்கிறவங்கள செத்துட்டாங்கன்னு தப்பா சொல்லிட்டா ஆயுசு கூடும். எங்கம்மா சொல்லுவாங்க."

"கூடட்டும், கூடட்டும். ஒங்க எல்லாரையும் பொதச்சிட்டுத்தான் நான் போவேன்" என்று சொல்லி, நவமணியும் சிரித்துவிட்டாள். எவ்லினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து, எப்படி நடந்தது என்று அவள் பார்த்தாள். மேசையில் டேப்லட்டை வைத்து, பழையபடி கையை ஒரு பெயரின்மேல் வைத்துச் சற்று அழுத்தினாள். பெயர் லேசாக எழும்பியது. கையை எடுக்கும்போது அதுவும் கூடவே நகர்ந்து, வலப்பக்கம் போய் அடங்கியது. சத்தமே இல்லை. யாரோ கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வாங்கி வைத்துக்கொண்டது போல இருந்தது.  அவசரமாக அந்தப் பெயரைத் திரும்ப இழுத்து இடப்பக்கம் விட்டாள்.

நவமணி பெயரையும் அடுத்த வாரம் இடப்பக்கம் சேர்த்தாள். ஃபாதர் மார்க்கும் பூசையில் மன்னிப்புக் கேட்டு, நவமணியின் உடல்நலத்துக்காக என்று தனியாக ஒருமுறை வாசித்தார். அதோடு முடிந்தது என்றுதான் எவ்லின் நினைத்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், நவமணி அலுவலகத்துக்கு வந்தாள். மழை விட்டு வெக்கை ஏறியிருந்த நேரம். தடி இல்லை, கட்டு இல்லை. வந்தவள் கதவருகே நின்றுகொண்டேயிருந்தாள். நவமணி எங்கேயும் அப்படி நின்றதில்லை. நுழையும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு, விசிறியை நம் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்புகிற ஆள் அவள்.

"வாங்கக்கா. கால் எப்பிடி இருக்கு?"

நவமணி உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினாள். புண்ணைக் காணோம். ஆறிய தழும்பு இல்லை, பொருக்கு இல்லை. தோல் மூடி, சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தது. எவ்லின் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"விரல் எடுக்க வேணாம்னுட்டாரு. சர்க்கரையும் எறங்கிடுச்சாம்."

"கடவுளே, புதுமதான் போங்க! வலி?"

"வலி இல்ல. அந்த ஞாயித்துக்கெழமையிலேருந்து இல்ல." நவமணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "பசி இல்ல. தூக்கம் இல்ல, ஆனா அலுப்பும் இல்ல. விடிய விடிய ஒக்காந்திருக்கேன், ஒண்ணும் செய்யல."

"நெசமாவா? கடை போடுறீங்கதானே?"

"போடுறேன். கைதான் செய்யுது. அன்னைக்கு மீன்காரன் கெட்டுப்போன மீன போட்டுட்டான். பாத்தேன், வாங்கிட்டு வந்துட்டேன்."

எவ்லின் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. மீன்காரனிடம் சண்டை போடாத நவமணியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எம் மவ ஆலிஸ் ஜோகூர்லேருந்து போன் பண்ணா" என்று நவமணி தொடர்ந்தாள். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாள், யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல. "கரு கலைஞ்சி போச்சாம். ஆறு வருசம் கழிச்சி நின்ன கரு. போன்ல அழுதா. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்கு அழுக வரல. என்னாம்மா பேசவே மாட்டேங்குறேன்னு கேட்டா. என்னா பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

அந்த அறையில் மத்தியானத்திலும் கொசு உண்டு. மேசைக்கடியில் சுருள் வைத்தும் எவ்லினின் கணுக்காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நவமணி கையில்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் ஒன்றும் உட்காரவில்லை. எவ்லின் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"கடிக்காது" என்றாள்.

எவ்லின் டேப்லட்டைத் திறந்து நவமணியின் முன்னால் வைத்தாள். "அக்கா, ஒங்க பேரு இந்தப் பக்கம்தான் இருக்கு பாருங்க, நோயாளி பக்கம். நான் மாத்திட்டேன். இருந்தாலும் ஒங்க கையால ஒரு தடவ தொட்டு, எடுத்து, திரும்ப வைங்க. தொடுங்கக்கா."

நவமணி ஆள்காட்டி விரலைத் தன் பெயர்மேல் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினாள். பெயர் எழும்பவில்லை. எவ்லின் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள், உடனே எழும்பியது. மறுபடி நவமணி விரலை வைத்தாள். கண்ணாடி அவளைக் கண்டுகொள்ளவேயில்லை.

நவமணி எழுந்து போய்விட்டாள். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எவ்லின் சாயந்திரம் வரைக்கும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. லாரன்ஸுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"வலியே இல்லையாமா?"

"இல்லையாம்."

"சுத்தமா?"

"அதவிடுங்க. மனுசியே இல்ல அவ. பாத்தா எனக்குப் பயமா இருக்கு. பெத்த மவ அழுவுறா, இவளுக்கு ஒண்ணுமே இல்ல."

லாரன்ஸ் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரமான ஆள், இப்போது பாதிக் கட்டிலுக்குத்தான் வந்தார். "அந்தப் பேரு தள்ளுற சாமானைக் கொண்டா" என்றார்.

"என்னாத்துக்கு?"

"என் பேரைத் தள்ளு."

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"ஏ எவ்லின், எட்டு மாசமா நோயாளி பக்கம் வச்சி வாசிக்கிறீங்க. எத்தன ஞாயித்துக்கெழம? என்னா ஆச்சு? அவளுக்கு ஒரு தடவ அந்தப் பக்கம் வாசிச்சாங்க, வலி போச்சுல்ல? எனக்கும் வாசிக்கச் சொல்லு."

"வலி மட்டுமா போச்சு? எல்லாம் போச்சு. திரும்ப வாசிச்சும் வரல. நீங்க அப்பிடி ஆகிட்டா நான் என்னா செய்வேன்?"

"கம்முனு ஒக்காந்திருப்பேன். ஒனக்குத் தொல்ல இல்ல."

"எனக்குத் தொல்ல வேணும்" என்று எவ்லின் கத்தினாள். "நீங்க கத்துங்க, என்னைய ஏசுங்க, கிண்ணத்தத் தூக்கி எறிங்க. நீங்க இருக்கீங்கன்னாவது எனக்குத் தெரியும்."

லாரன்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "வலி ஒனக்கில்ல லா" என்றார்.  கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மழை விடவில்லை. ஃபிளாட்டுக்குப் பின்னால் நிற்கும் மலையையே காணோம். ஈரம் ஏறினால் அவர் எலும்புக்கு ஆகாது. சனிக்கிழமை காலை வெந்நீரில் துணி நனைத்து அவர் உடம்பைத் துடைக்கத் திருப்பியபோது இடுப்புக்குள் ஏதோ பிசகியது. லாரன்ஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஹஸ்ருல் கதவைத் தட்டாமலே ஓடி வந்துவிட்டான். அவனும் எவ்லினும் சேர்ந்து அவரைத் தலையணைமேல் சாய்த்தார்கள். மருந்தின் நேரம் ஆகவில்லை, ஆனாலும் கொடுத்தாள். அது கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஹஸ்ருல் கேட்டான், கெரேத்தா கீழேதான் நிற்கிறது, காரிலேயே கொண்டு போய்விடலாம் என்றான். லாரன்ஸ் வேண்டாமென்று தலையை உருட்டினார். படி இறங்குவதை நினைத்தே அவருக்கு உடம்பு நடுங்கியது.

துண்டைக் கடித்துக்கொண்டு அவர் அழுதார். தன் தாயைப் புதைத்த அன்றுகூட அழாத மனிதர். இரண்டு கையையும் சேர்த்து எவ்லினைக் கும்பிட்டார்.

"எவ்லின், ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன். போதும்மா. போதும்."

கட்டின புருஷன் கும்பிடுவதை எந்தப் பெண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? அவள் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டு வெளியே வந்தாள். மேசையில் டேப்லட் இருந்தது. மறுநாள் தாளை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும்.

விரலால் இழுத்துத் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அது கொலைக்குச் சமம் என்று தோன்றியது. தவிரவும், நவமணிக்குப் பலித்தது தெரியாமல் நடந்ததால்தானே? வேண்டுமென்றே செய்தால் பலிக்காமலும் போகலாம். தெரியாமல் நடந்தால் யார் மேலும் பாவமில்லை. இப்படி ஒரு கணக்கைத் தனக்குள் போட்டுக்கொண்டு, பெயர்களைச் சரிபார்ப்பவள் போலப் பழையபடி இடது கையைத் திரைமேல் வைத்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மழையில் எதிர் ஃபிளாட்டின் துணிக்கம்புகள் மட்டும் தெரிந்தன. ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. எடுக்கும்போது உள்ளங்கையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருவது போல ஒரு கனம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே முஸ்தஃபாவுக்கு அனுப்பிவிட்டு மூடியைச் சாத்தினாள்.

அரைமணி கழித்துப் போன் வந்தது.

"அக்கா, முஸ்தஃபா. தாள் வந்திருச்சு. ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. லாரன்ஸ் அண்ணே நல்லா இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ். அண்ணே பேரு மௌத்தானவங்க பக்கத்துல இருக்கு. போன தடவ நவமணி அக்காவுக்கு நான் கேக்காம அடிச்சிட்டேன். அந்த அக்காவ நேத்து பசாரில பாத்தேன். பாத்ததிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. அதான் கேட்டுக்கிட்டு அடிக்கலாம்னு. இடப்பக்கம் மாத்திடவா?"

எவ்லின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தெரியாமல் நடந்தது என்று அவள் கட்டிய வேலியை அந்த நல்ல மனிதர் ஒரே கேள்வியில் பிடுங்கிப் போட்டுவிட்டார். இனிச் சொல்வது அவள்தான். கைமேல் பழிபோட முடியாது, கண்ணாடிமேல் பழிபோட முடியாது. உள்ளே லாரன்ஸ் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் முனகினார். அவள் ஏழு முனகல் கேட்டாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"அப்படியே அடிங்க, முஸ்தஃபா."

"அக்கா..."

"அப்படியே அடிங்க தம்பி. நான் சொல்றேன்ல."

முஸ்தஃபா வாய்க்குள் ஏதோ ஓதியது கேட்டது. சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் ஓதுவது. பிறகு, "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஃபாதர் மார்க் இல்லை. தாசேக் கெலுகோர் பக்கத்திலிருந்து வேறொரு ஃபாதர் வந்திருந்தார், யாரையும் தெரியாதவர். தாளில் இருந்ததை இருந்தபடி, நிறுத்தி, அழகாக வாசித்தார். வலப்பக்கத்தின் கடைசிப் பெயராக லாரன்ஸ் வந்தது. பெஞ்சுகளில் ஒரு அசைவு, இரண்டொருவர் திரும்பி எவ்லினைப் பார்த்தார்கள்.

"நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே."

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். உதட்டை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வீட்டில் துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பவரை நினைத்து, எல்லோரையும்விடச் சத்தமாக, "முடிவில்லாத ஒளி இவர்கள் மேல் ஒளிர்வதாக" என்று சொன்னாள். முன் பெஞ்சில் நவமணி திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே ஜெரமி சிரித்துக்கொண்டே வந்தான். "என்னா ஆன்ட்டி, மறுபடியுமா? இந்தச் சாமானுக்கு ஒரு கவர் வாங்கிப் போடணும் போல. பரவால்ல லா, அங்கிளுக்கும் ஆயுசு கெட்டி!"

"கெட்டிதான்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. மாடிப்படியில் ஏறும்போதே காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் இல்லை. பூசைக்குப் போகும்போது எவ்லின், ஹஸ்ருலின் மனைவியான அதிராவை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிரா வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். "அங்கிள் எழும்பிட்டாரு" என்றாள், வேறொன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

லாரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு, நாற்காலியில், நிமிர்ந்து. தானே சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். கைகள் முழங்கால்மேல் இருந்தன.

"என்னங்க" என்று ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தாள். "வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போதும் கர்த்தாவே, இது போதும் என்று அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். முழங்கால் சில்லென்றிருந்தது. குளித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சோறு போட்டாள், சாப்பிட்டார். போடாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டார் என்று அன்று அவளுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது அதே நாற்காலியில் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மருந்துப் புட்டி தொடாமல் இருந்தது. அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். பழைய பாக்டரி பஸ்ஸை விற்றுவிட்டார்களாம் என்றாள். கேட்டுக்கொண்டார். இருபது வருடமாக அவர் முகத்தில் விழிக்காத தன் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாள். அந்தப் பெயரைச் சொன்னாலே லாரன்ஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

"அவன் ஒங்களப் பாக்க வரேங்குறான். வரச் சொல்லவா?"

"வரட்டும்."

"அவன் ஒங்கள என்னா பேசுனான்னு மறந்து போச்சா?"

"மறக்கல" என்றார் லாரன்ஸ். "வரட்டும்."

கல்யாணமான புதிதில் பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் போகும்போது காற்றில் பறந்து கடலில் விழுந்த அவள் தாவணியைப் பற்றிச் சொன்னாள். அதற்கு ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு கேலி வைத்திருப்பார். இப்போது தலையை ஆட்டினார். அவர் கண் அவள்மேல் இருந்தது. வெறுப்பு இல்லை, கோபம் இல்லை, பிரியம் இல்லை. ஜன்னலைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம், துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்தோ வந்தது. அவர் கடித்துக் கடித்து நைந்துபோன துண்டு கையில் இருந்தது. இனி அதைத் துவைக்க வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, சாவு வீட்டில் அழுவது போல ஓலமிட்டு அழுதாள். நான்தானே சொன்னேன், அடிங்கன்னு நான்தானே சொன்னேன் என்று அழுதாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

லாரன்ஸ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியிலிருந்து லேசாகக் குனிந்தார். துக்கம் கேட்க வந்த வேற்று மனிதர் போல, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா அழுவுறீங்க? யாரும் தவறிட்டாங்களா?"

எவ்லின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரு."